மார்ஷ்மெல்லோவும் பதினெட்டுப் படியும்

இந்த மலையில் தேங்காய் எண்ணெய்ப் புட்டியைத் தலைகீழாகக் கவிழ்த்தாலும் ஒரு சொட்டு விழாது. வருஷத்தில் பாதி நாள் அது மெழுகைப் போல உறைந்தே கிடக்கும். காலையில் எழுந்ததும் என் முதல் வேலை புட்டியை அடுப்பின் ஓரமாகச் சாய்த்து வைப்பதுதான். உப்புப் பானையும் தீப்பெட்டியும் அடுப்போரமே. இல்லாவிட்டால் உப்பு தண்ணீராகிவிடும், தீக்குச்சி உரசினால் உதிர்ந்துவிடும். வந்த புதிதில் இது எதுவும் எனக்குத் தெரியாது. எங்கள் ஊர்ப் பக்கம் பெருமாட்டியில் இருக்கும் என் அண்ணன், தோப்புத் தேங்காயை ஆட்டிக் கொண்டுவந்த எண்ணெய் ஒரே நாளில் வெள்ளையாகக் கட்டிப்போனதைப் பார்த்ததும், யாரோ எதையோ செய்து வைத்துவிட்டார்கள் என்று பயந்து, புட்டியோடு கொண்டுபோய்ச் சரிவில் எறிந்துவிட்டேன். பக்கத்து வீட்டுப் பெண்கள் சிரித்த சிரிப்பு இன்னும் காதில் இருக்கிறது. அன்றைக்குப் பிடித்த பயம் எனக்கு இன்னும் முழுவதும் விடவில்லை.

நாங்கள் எருத்தேன்பதிக்காரர்கள். எட்டாம் வகுப்போடு என் படிப்பு நின்றது. நாலு பேர் இருக்கும் இடத்தில் எனக்குப் பேச வராது, அதனால் எழுதுகிறேன். பாலக்காட்டுச் சித்தூர்ப் பக்கத்தில் இருக்கும் என் உறவுக்காரர்களும், அங்கிருந்து என்னைப் போல மேலே ஏறி வந்திருப்பவர்களும் இதைப் படித்தால் போதும். என் பெயரையோ தோட்டத்தின் பெயரையோ போடவில்லை. போடிமெட்டிலிருந்து பஸ்ஸில் கொஞ்ச தூரம் என்று மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். ஏன் மறைக்கிறேன் என்பது படித்து முடிக்கும்போது தெரியும்.

எங்கள் கிணறு மூன்று வருஷம் வற்றிக் கிடந்தது. நிலக்கடலை விதைத்தால் விதை மண்ணுக்குள்ளேயே பொரிந்துபோனது. என் கொழுந்தனாரைக் கடலைக்காட்டுக்குக் காவலாக விட்டுவிட்டு, மழை திரும்பும்வரை என்று சொல்லிக்கொண்டு, எழுபத்திரண்டாம் வருஷம் நானும் என் வீட்டுக்காரரும் மகள் சரசுவும் இங்கே வந்தோம். அவருக்குத் தேயிலை ஃபாக்டரியில் வேலை கிடைத்தது. எனக்கு மேனேஜர் துரையின் பங்களாவில் சமையலறை எடுபிடி வேலை. ஊரில் நாங்கள் தண்ணீர் இல்லையே என்று பயந்தோம். இங்கே தண்ணீரைக் கண்டே பயந்தோம். ஆனி மாதம் ஆரம்பித்த மழை புரட்டாசியிலும் நிற்கவில்லை. ஊரில் வானத்தைப் பார்த்து நாள் கணக்குச் சொல்லலாம், இங்கே எதிர் வீட்டுக் கதவே தெரியாது. இரண்டும் ஒரே கேரளம், இரண்டு இடத்திலும் எல்லைக்கு அந்தப்புறம் தமிழ்நாடுதான், தோட்டக்காரர்களின் வரிசை வீடுகளில், லைன் என்பார்கள், அங்கே இருப்பவர்களும் தமிழர்களே. ஆனால் அவர்கள் திருநெல்வேலி, மதுரைப் பக்கத்து வழியில் வந்தவர்கள். நாங்கள் வாயைத் திறந்தாலே அவர்களுக்கு வேடிக்கை. எங்கள் வீட்டுக்கு "ஏனுங்க ஊடு" என்றே பெயர் வைத்துவிட்டார்கள். குழாயடியில் குடத்தோடு போனால், "ஏனுங்க வாராக, வழிய விடுங்கட்டி" என்று ஒருத்தி சொல்ல, மற்றவர்கள் சிரிப்பார்கள். கெட்ட எண்ணம் கிடையாது. ஆனாலும் நான் பேசுவதைக் குறைத்துக்கொண்டேன்.

அந்த முதல் மழையிலேதான் சரசுவுக்குக் காய்ச்சல் வந்தது. பதினோரு வயசு அப்போது. காய்ச்சல் தலைக்கேறி நாலு நாள் நினைவில்லாமல் கிடந்தாள். தோட்டத்து ஆஸ்பத்திரியில் மருந்து கொடுத்தார்கள், கீழே கொண்டுபோக வேண்டும் என்றும் சொன்னார்கள். மரம் விழுந்து ரோடு அடைத்திருந்தது. நாலாம் நாள் விடியும்போது என் வீட்டுக்காரர் நனைந்த துணியோடு கிழக்கே பார்த்து நின்று, பிள்ளை பிழைத்தால் மூன்று வருஷம் மாலை போட்டு சபரிமலைக்கு நடந்து வருகிறேன் என்று வேண்டிக்கொண்டார். அன்று மத்தியானம் சரசு கஞ்சி கேட்டாள். அது மருந்தால் வந்ததா வேண்டுதலால் வந்ததா என்று நாங்கள் யோசிக்கவில்லை. இரண்டு வருஷம் அவர் போய் வந்தார். நான் சொல்ல வந்தது மூன்றாவது வருஷத்துக் கதை.

மாலை போட்டவர் இருக்கும் வீடு எப்படி இருக்கும் என்பது உங்களுக்குத் தெரியும். கார்த்திகை பிறப்பதற்கு முன்பே பழைய சட்டிகளைக் கட்டிப் பரணில் போட்டுவிட்டுப் புதுச்சட்டி வாங்கிவிடுவோம். கவுச்சி என்ற பேச்சே இருக்காது. அவரை நானும் "சாமி" என்றுதான் கூப்பிடவேண்டும். பதினைந்து வருஷம் "ஏனுங்க" என்று கூப்பிட்டவரை திடீரென்று சாமி என்றால் முதல் இரண்டு நாள் எனக்கே சிரிப்பு வரும். எனக்குப் பெரிய தொல்லை பங்களா வேலைதான். அங்கே முட்டை உடைக்காத நாள் இல்லை. அதனால் சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் பின்பக்கம் நின்று தலையோடு இரண்டு குடம் தண்ணீர் ஊற்றிக்கொண்ட பிறகுதான் உள்ளே போவேன். மார்கழிக் குளிரில் அந்தத் தண்ணீர் மண்டையில் ஆணி அடிப்பதைப் போல இறங்கும். முட்டை விஷயத்தில் அவ்வளவு ஜாக்கிரதையாக இருந்தேன் என்பதை நீங்கள் நினைவில் வைக்கவேண்டும்.

மண்டலம் முடிய ஒரு வாரமோ என்னவோ இருந்தது. பங்களாவின் சமையல்காரர் ஞானமுத்து லீவில் ஊருக்குப் போயிருந்தார். துரைசாணி அம்மாவின் மகள் போர்டிங் ஸ்கூலிலிருந்து லீவுக்கு வந்திருந்தாள். அவளுக்குப் பிறந்தநாள். கூடப் படிக்கும் பிள்ளையின் வீட்டில் ஏதோ ஒரு சாக்லேட் கேக் சாப்பிட்டாளாம். இரண்டு அடுக்கு, நடுவில் வெள்ளையாக மெத்தென்று ஒன்று. அதுதான் வேண்டும் என்று அழுகை. துரைசாணி அம்மா கோட்டயத்துக்காரர், கிறிஸ்தவர். என்னோடு மலையாளமும் தமிழும் கலந்து பேசுவார். எனக்குப் பாதி புரியும். புரியாத பாதிக்கும் "ஆகட்டுங்க" என்று சொல்லிவிடுவேன். அன்று ஒரு தடித்த சமையல் புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டு, "நம்மள் ரெண்டு பேரும் உண்டாக்காம்" என்றார். நாம் இரண்டு பேருமே செய்துவிடலாமாம்.

மைதாவையும் கொக்கோத் தூளையும் சலித்தோம். வெண்ணெயையும் சர்க்கரையையும் என் கை ஓயும்வரை குழைத்தேன். முட்டையை அம்மாவே உடைத்து ஊற்றினார். தகரத் தட்டுகள் இரண்டில் வெண்ணெய் தடவிய காகிதம் போட்டு மாவை ஊற்றி, விறகடுப்பின் பக்கவாட்டில் இருக்கும் இரும்பு அறைக்குள் தள்ளினோம். அந்த அறைக்குச் சூடு பார்ப்பதற்கு ஒரு வழி இருக்கிறது. கையை உள்ளே நீட்டி எண்ணவேண்டும். பதினைந்து எண்ணும்வரை தாங்கினால் சூடு போதாது, ஐந்திலேயே இழுத்துக்கொண்டால் அதிகம். அம்மா எண்ணினார், நான் விறகைக் கூட்டியும் குறைத்தும் வந்தேன். வெந்ததா என்று குத்திப்பார்க்க, ஊரிலிருந்து கொண்டுவந்திருந்த தென்னந்துடைப்பத்தில் ஒரு ஈர்க்கை நான் ஏற்கெனவே புதுசாக உருவிக் கழுவி வைத்திருந்தேன். குத்தி எடுத்தபோது மாவு ஒட்டவில்லை. ஆனால் ஒரு தட்டில் நடுப்பகுதி குழிந்துபோயிருந்தது. அம்மாவின் முகம் மாறியது. நான்தான் கதவைச் சீக்கிரம் திறந்துவிட்டேனோ என்று நினைத்துக்கொண்டேன். "சாரமில்ல, நடுவில் வைக்குந்நது கொண்டு நிறைக்காம்" என்று அவரே சொன்னார். பரவாயில்லை, குழியை நடுவில் வைப்பதைக் கொண்டு நிரப்பிவிடலாமாம்.

அந்த நடுவில் வைப்பதற்குப் பெயர் மார்ஷ்மெல்லோ. எனக்கு வாயில் நுழையவில்லை. ஒரு சின்ன டப்பாவிலிருந்து ரவை போல மங்கலான மஞ்சளில் ஒரு தூளை எடுத்துக் குளிர்ந்த தண்ணீரில் போட்டார். ஜெலட்டின் என்றார். கொஞ்ச நேரத்தில் அது ஊறி ஜவ்வரிசி மாதிரி உப்பியது. லேசாக ஒரு வாடை வந்தது. எனக்கு அந்த வாடை பழைய நினைவைக் கொண்டுவந்தது. சின்ன வயசில் எங்கள் வீட்டுக்கு இரண்டு வீடு தள்ளி ஒரு முஸ்லிம் குடும்பம் இருந்தது. நோன்பு மாதத்தில் அந்த அக்கா கடல்பாசியை ஊறவைத்துக் காய்ச்சி, தட்டில் ஊற்றி உறையவைத்து, துண்டு போட்டுக் கொண்டுவந்து தருவார். அதிலும் ஊறும்போது இப்படி ஒரு வாடை உண்டு. "கடலில் முளைக்கிற செடி, கண்ணு, பயப்படாம தின்னு" என்பார். தண்ணீரில் ஊறுகிறது, உறைகிறது, வாடை வருகிறது. இதுவும் அதேதான் என்று நான் முடிவு செய்துவிட்டேன். யாரையும் கேட்கத் தோன்றவில்லை.

சர்க்கரைப் பாகு காய்ச்சும்போது அம்மா திணறினார். புத்தகத்தில் சூட்டுக்கு ஒரு எண் போட்டிருந்தது, அதைப் பார்க்கும் கண்ணாடிக்குழல் உடைந்துபோயிருந்தது. அந்த இடத்தில்தான் எனக்கு முதல்முறையாக அந்தச் சமையலறையில் வாய் திறந்தது. "அம்மா, நான் பாக்கறனுங்க" என்றேன். எங்கள் பக்கத்தில் கரும்பு ஆட்டும் காலத்தில் வெல்லம் காய்ச்சும் கொட்டகையில் நின்று வளர்ந்தவள் நான். ஒரு கிண்ணத்தில் தண்ணீர் வைத்துக்கொண்டு, கொதிக்கும் பாகில் ஒரு சொட்டு விட்டேன். கரைந்தது. கொஞ்சம் பொறுத்து மறுபடி விட்டேன். விரலால் கூட்டினால் மெதுவாக உருண்டு வந்தது. "இப்ப எறக்கிடுங்க" என்றேன். அதைக் கொஞ்சம் கொஞ்சமாக ஜெலட்டினில் ஊற்றி, கைப்பிடி சுற்றும் இரும்பு மத்தால் அரைமணி நேரம் மாற்றி மாற்றி அடித்தோம். கண்ணாடி மாதிரி இருந்தது மங்கலாகி, பாலாகி, கடைசியில் பொங்கி நிற்கும் பஞ்சாகிவிட்டது. வெனிலா இரண்டு சொட்டு விட்டதும் அந்த வாடையும் போய்விட்டது. கேக்கின் குழியில் அதை நிரப்பி, மேலடுக்கை வைத்து, சாக்லேட்டைக் காய்ச்சி மேலே ஊற்றியதும் அந்தப் பெண் குதித்தாள். அம்மா என் தோளைத் தட்டி, "நின்றெ கை கொள்ளாம்" என்றார். உன் கை நல்ல கை என்று அர்த்தம். மூன்று வருஷத்தில் இந்த மலையில் என்னை யாரும் அப்படிச் சொன்னதில்லை.

பாத்திரத்தில் கொஞ்சம் பஞ்சு மிஞ்சியிருந்தது. எடுத்துக்கொண்டு போ என்றார். கேக்கை வாங்க மாட்டேன் என்று எனக்குத் தெரியும், அதில் ஆறு முட்டை. இதில்? "இதுல முட்டை இருக்குதுங்களா, அம்மா?" என்று கேட்டேன். "இல்ல இல்ல. கேக்கில் முட்ட. இதில் முட்ட இல்ல. தைரியமாயிட்டு கழிச்சோ" என்றார். தைரியமாகச் சாப்பிடு என்கிறார். நானும் தைரியமானேன். ஒரு கிண்ணத்தில் போட்டு இலையால் மூடி எடுத்து வந்தேன். வழக்கம்போல இரண்டு குடம் ஊற்றிக்கொண்டுதான் வீட்டுக்குள் போனேன்.

அவர் அன்று ஒருவேளை மட்டும் சாப்பிட்டிருந்தார். குளித்து, சரணம் சொல்லி உட்கார்ந்தவர் முன்னால் கிண்ணத்தை வைத்தேன். "இதென்ன புள்ள, பஞ்சாட்டம் இருக்குது?" என்றார். "சக்கரைப் பாகுங்க, சாமி. பாகு நான் காச்சுனதுங்க" என்றேன். முட்டை இல்லை என்று அம்மா சொன்னதையும் சொன்னேன். விரலால் எடுத்து வாயில் போட்டார். கண்ணை மூடிக்கொண்டார். "கரும்புக் கொட்டாயில நிக்கறாப்பல இருக்குது" என்றார். முழுவதையும் அவரே சாப்பிட்டார். சரசு அடுத்த லைனில் படிக்கப் போயிருந்தாள். நான் ருசிகூடப் பார்க்கவில்லை. அவர் சாப்பிடுவதைப் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

நாலு நாள் கழித்து ஞானமுத்து லீவு முடிந்து வந்தார். அவர் வந்தால் சமையலறையே கலகலவென்று இருக்கும். அலமாரியைத் திறந்து பார்த்து, "ஏக்கா, நான் இல்லாதப்ப பெரிய பேக்கரியே நடத்திருக்கிய போல" என்றார். ஜெலட்டின் டப்பாவை எடுத்து ஆட்டினார். "ஒண்ணும் மிச்சம் வைக்கலையே. இது என்னன்னு தெரியுமாக்கா?"

"கடல்பாசிதானுங்களே" என்றேன்.

அவர் அடுப்படியில் சாய்ந்துகொண்டு சிரித்தார். "கடல்பாசியா! ஏனுங்க, நல்லாக் கேட்டியளே. இது எலும்புக்கா. மாட்டெலும்பு, தோலு எல்லாத்தையும் போட்டுக் காச்சி எடுக்கிற பசை. தொரை வீட்ல அல்வா மாதிரி ஆடும்லா ஒண்ணு, அதுவும் இதுதான். ஒங்க வீட்ல மாலை போட்ருக்காவ, நீங்க இதைக் கையால தொட்டியளாக்கும்! போய்க் குளிங்க போங்க." அவர் விளையாட்டாகச் சொல்லிவிட்டுக் கறி வெட்டப் போய்விட்டார். என் கையில் இருந்த வெங்காயம் கீழே விழுந்து உருண்டது. அது எங்கே போனது என்றுகூட நான் பார்க்கவில்லை.

கொஞ்ச நேரம் கழித்துத் துரைசாணி அம்மாவிடம் போய் நின்றேன். ஞானமுத்து கேலிக்காகச் சொல்லியிருக்கலாம் என்று ஒரு நம்பிக்கை. "அம்மா, அந்தத் தூளு எலும்புங்களா?" என்று கேட்டேன். அவர் தைத்துக்கொண்டிருந்தார். தலை நிமிராமல், "அதே" என்றார், ஆமாம் என்று அர்த்தம். பிறகு என் முகத்தைப் பார்த்து, "வயற்றில் வேதனையுண்டோ?" என்றார். இல்லை என்று தலையாட்டினேன். "முட்ட இல்லல்லோ, பின்னெ எந்தா பேடி? எலும்பு நல்லதாணு, குட்டிகள்க்கு சத்து கிட்டும்" என்று சிரித்தார். பேடி என்றால் பயம், குட்டிகள் என்றால் பிள்ளைகள். என்ன பயம் என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. தமிழிலேயே அதை எனக்குச் சொல்ல வராது. "ஒண்ணுமில்லீங்க" என்று சொல்லிவிட்டு வந்தேன். அவர்மேல் எனக்குக் கோபம் இல்லை. நான் முட்டையைப் பற்றிக் கேட்டேன், அவர் முட்டையைப் பற்றிச் சொன்னார்.

அன்று சாயங்காலம் வீட்டுக்குப் போனால் சரசு கம்பளியைப் போர்த்திக்கொண்டு படுத்திருக்கிறாள். தொண்டை வலி என்றாள். நெற்றியில் கை வைத்தேன். சுட்டது. வேண்டுதல் யாருக்காக? இந்தப் பிள்ளைக்காக. மூன்றாவது வருஷம், முடியும் சமயத்தில், அந்த வேண்டுதலை நானே என் கையால் அடித்து, பொங்கவைத்து, கிண்ணத்தில் போட்டுக் கொண்டுவந்து கெடுத்துவிட்டேன். குளிர்காலத்தில் பிள்ளைகளுக்குத் தொண்டை வலி வருவது சகஜம் என்று பக்கத்து வீட்டுப் பெண் சொன்னாள். அவளுக்கு என்ன தெரியும்? சுக்கும் மிளகும் தட்டிப்போட்டுக் கஷாயம் வைத்தேன். அடுப்பு முன்னால் உட்கார்ந்திருக்கும்போது எனக்குள் ஒரு கணக்கு ஓடியது. கட்டு நிறைக்க இன்னும் இரண்டு நாள். தலையில் இருமுடி ஏறிவிட்டால் பிறகு சொல்லிப் பயனில்லை. சொல்லாமலேயே விட்டால், தெரியாமல் சாப்பிட்டவர்மேல் பாவம் இல்லை, எல்லாம் என்மேல்தான் என்று சாமி எடுத்துக்கொள்ளுமா? அப்படி எடுத்துக்கொண்டாலும் என்னை எதைக் கொண்டு தண்டிக்கும்? என்னிடம் இருப்பது இந்தப் பிள்ளை ஒன்றுதானே.

மறுநாள் காய்ச்சல் இன்னும் ஏறியது. வேலைக்குப் போகவில்லை. அவர் ஷிஃப்ட் முடிந்து மத்தியானம் வந்து, சரசுவின் தலைமாட்டில் உட்கார்ந்து, நெற்றியில் விபூதி பூசி, "சாமி இருக்காரு, கண்ணு" என்றார். அதைக் கேட்டதும் எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. அவர் பின்பக்கம் போய்க் கருப்பு வேஷ்டியைக் காயப்போட்டுக்கொண்டிருந்தார். பின்னாலேயே போனேன்.

"சாமி, ஒண்ணு சொல்லோணுங்க."

"சொல்லு."

"அன்னிக்கு வெள்ளையா ஒண்ணு குடுத்தனுங்களே."

"ஆமா. அதுக்கென்ன, இன்னும் இருக்குதா?"

"அது மாட்டெலும்புங்க."

அவர் சிரித்தார். "ஏம்புள்ள, எலும்பு எங்காச்சும் பஞ்சாட்டம் இருக்குமா?" நான் அழுதுகொண்டே ஞானமுத்து சொன்னதையும் அம்மா சொன்னதையும் சொன்னேன். அவர் கையில் இருந்த வேஷ்டியின் ஒரு முனை தரையில் கிடந்தது. அதை எடுத்து உதறி, மறுபடி கொடியில் போட்டார்.

"நீ கேக்கலியா?"

"முட்டை இருக்குதான்னு கேட்டனுங்க."

"அது செரி" என்றார். "எலும்பு இருக்குதான்னு எவன் கேப்பான்."

திட்டியிருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும். அவர் திட்டவில்லை. குழாயடிக்குப் போய் மறுபடி குளித்துவிட்டு வந்தார். மாலையைக் கழற்றிவிடுவாரோ என்று அவர் கழுத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். "மாலையை என்னுங்க பண்றது?" என்று கேட்டேன். "நானாக் கழட்டறதுக்கு இது என்ர மாலை இல்ல" என்றார். குருசாமியிடம் சொல்லிவிடலாமா என்றேன். "சொன்னா லைன் பூராத் தெரியும். நாளைக்குக் குழாயடியில நீ தண்ணி புடிக்க முடியாது. சரசு ஸ்கூலுக்குப் போவ முடியாது. நான் பாத்துக்கறேன்." என்ன பார்த்துக்கொள்வார் என்று கேட்க எனக்குத் தைரியம் இல்லை.

அடுத்த நாள் மாரியம்மன் கோயிலில் கட்டு நிறைத்தார்கள். வீட்டுப் பெண்கள் இருமுடியில் அரிசி போடவேண்டும். மூன்று முறை போடும்போதும் அரிசி வெளியே சிந்தியது. "ஏனுங்களுக்கு இப்பவே வீட்டுக்காரரத் தேடுது" என்று யாரோ சொல்ல, எல்லாரும் சிரித்தார்கள். சரணம் சொல்லிக்கொண்டு அவர்கள் லாரியில் ஏறிப் போனார்கள். வண்டிப்பெரியாறு வரை வண்டி, அங்கிருந்து காட்டுவழி. ஆனை நிற்கும் காடு.

அவர் போன மறுநாளே சரசுவின் காய்ச்சல் இறங்கிவிட்டது. சோறு கேட்டாள், எழுந்து நடந்தாள். நான் சந்தோஷப்படவேண்டும். எனக்கோ, காய்ச்சல் இவளை விட்டுவிட்டு அவரைத் தேடிக் காட்டுக்குப் போய்விட்டது என்று தோன்றியது. பகலில் பங்களாவில் டெலிபோன் மணி அடித்தால் வேலையைப் போட்டுவிட்டுக் கதவோரம் போய் நிற்பேன். மேலே வரும் லாரியின் சத்தம் வளைவுக்கு வளைவு கேட்கும், ஒவ்வொரு வளைவிலும் எண்ணிக்கொண்டிருப்பேன். நம் ஊராக இருந்தால் மாகாளியம்மன் கோயிலில் போய் விழுந்திருப்பேன். அந்தத் தெய்வத்துக்கு என்னைத் தெரியும், என் அம்மாவைத் தெரியும். இந்த மலைச் சாமிகளுக்கு நான் யார்? எருத்தேன்பதியில் விட்டுவந்த தெய்வத்துக்கு நான் இங்கே செய்த தப்பு தெரியுமா தெரியாதா என்றுகூட யோசித்தேன். தெரியாமல் இருக்கட்டும் என்று வேண்டிக்கொண்டேன். அதை எந்தச் சாமியிடம் வேண்டினேன் என்று இப்போது கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது.

ஆறாம் நாள் மத்தியானம் லாரி வந்தது. எல்லாருக்கும் முன்னால் அவர் இறங்கினார். தாடியும், அட்டை கடித்த காலும், உடம்பெல்லாம் மண்ணும். சரசு ஓடிப்போய்க் கையைப் பிடித்துக்கொண்டாள். லைனே கூடிக் கும்பிட்டது. குருசாமி மாலையைக் கழற்றினார். எல்லாருக்கும் விபூதியும் அப்பமும் கொடுத்து அனுப்பிவிட்டு உள்ளே வந்து கதவைச் சாத்தினார்.

"படி ஏறலை" என்றார்.

எனக்குப் புரியவில்லை. "அல்லாரும் ஏறுனாங்க. பதினெட்டாம் படிக்குக் கீள நின்னேன். கால் எந்திரிக்கல. கூட்டத்துல என்னைய விட்டுட்டு மேல போயிட்டாங்க. பக்கத்துல ஒரு சாமி நம்மூர்ப் பேச்சுப் பேசிட்டு நின்னாரு. கேட்டா பெருமாட்டிக்காரரு. என்ர நெய்த்தேங்காயை அவருகிட்டக் குடுத்து, 'என்ர பேர்ல ஊத்திருங்க, எனக்குக் காலு சொகமில்ல'ன்னு சொன்னேன். அப்பறம் வடக்கால சுத்திப்போய், மாலை இல்லாதவங்க நிக்கற பக்கம் நின்னு கும்புட்டுட்டு வந்துட்டேன்."

"கூட வந்தவங்களுக்குத் தெரியாதுங்களா?"

"ஏறுனதாத்தான் நெனச்சுக்கிட்டிருக்காங்க."

நான் அவர் காலில் விழுந்தேன். அவர் என்னைத் தூக்கவும் இல்லை, தள்ளவும் இல்லை. "இந்த வருசம் கணக்குல சேராது. அடுத்த வருசம் மறுக்கா போவோணும்" என்றார்.

இங்கேதான் ஊரில் இருப்பவர்களுக்கு நான் ஒன்றைச் சொல்லவேண்டும். கொழுந்தனார் ஐப்பசியிலேயே எழுதியிருந்தார். கிணற்றில் தண்ணீர் ஏறிவிட்டது, சித்திரையில் வந்துவிடுங்கள், ஆடியில் சேர்ந்து கடலை விதைக்கலாம் என்று. வேண்டுதல் முடிந்ததும் இறங்கிவிடுவது என்று நாங்களும் முடிவு செய்திருந்தோம். சரசு தன் சிநேகிதிகளிடம்கூடச் சொல்லிவிட்டாள். "அப்ப ஊருக்கு?" என்று கேட்டேன். அவர் காலில் சுண்ணாம்பு தடவிக்கொண்டே, "இங்க வேண்டுனது. முடிக்காம எப்படி எறங்கறது?" என்றார்.

எருத்தேன்பதியிலிருந்தும் மாலை போட்டுப் போகலாம். வருஷா வருஷம் அங்கிருந்து பஸ் போகிறது. எனக்குத் தெரியும், அவருக்கும் தெரியும். அதை அவர் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை. அவர் ஏன் சொல்லவில்லை என்பதைவிட, நான் ஏன் சொல்லவில்லை என்பதுதான் என்னை இன்றுவரை பயமுறுத்துகிறது. கீழே போனால் மறுபடி கிணறு வற்றுமோ என்ற பயமா? உன் கை நல்ல கை என்று சொன்ன ஒரு வீடு இங்கே இருக்கிறது என்பதா? பிள்ளையைப் பிழைக்கவைத்த இடத்தை விட்டுப் போகப் பயமா? தெரியவில்லை. தப்பு செய்தது நான். அந்தத் தப்பே எங்களுக்கு ஒரு சாக்காகிவிட்டது.

அன்றைக்கே கடுதாசி எழுதச் சொன்னார். அவருக்கு எழுத்துக் கூட்டித்தான் படிக்க வரும், எழுதுவது எப்போதும் நான்தான். "தரிசனம் நல்லபடியா ஆச்சுன்னு எழுது. ஃபாக்டரியில விடமாட்டேங்கறாங்க, இந்தச் சித்திரைக்கு வர முடியாதுன்னு எழுது" என்றார். எழுதினேன். விபூதியில் ஒரு சிட்டிகையைக் காகிதத்தில் மடித்து உள்ளே வைத்தேன். கடைசியாக, மேலே ஓரத்தில் ஊர்ப்பெயர் எழுதும் இடத்துக்கு வந்தேன். நம் பக்கத்தில் ஊரைவிட்டு வெளியே தங்கியிருப்பவர்கள் அந்த இடத்தில் முகாம் என்று போட்டு, தங்கியிருக்கும் இடத்தின் பெயரை எழுதுவது வழக்கம். சொந்த ஊர் வேறு, இது இறங்கி இளைப்பாறும் இடம் என்று படிப்பவருக்குத் தெரிவதற்காக. மூன்று வருஷமாக நான் எழுதிய எல்லாக் கடுதாசியிலும் அந்தச் சொல் இருந்தது. ஒருமுறைகூட யோசித்து எழுதியதில்லை. அன்று பேனாவை அந்த மூலையில் ஊன்றியதும் கை நகரவில்லை. அந்தச் சொல்லை எழுதினால் பொய் சொல்வதாக இருந்தது. எழுதாமல் தோட்டத்தின் பெயரை மட்டும் போட்டால் கொழுந்தனார் பார்த்ததும் கண்டுபிடித்துவிடுவார். "ஆச்சா புள்ள? தபால்காரன் போயிருவான்" என்று அவர் வாசலில் நின்று கையை நீட்டினார். காகிதம் குளிரில் ஈரமாக இருந்தது. பேனா நின்ற இடத்தில் ஒரு புள்ளி விழுந்து, மெதுவாக அகன்றுகொண்டிருந்தது. அதை அப்படியே விட்டு, மடித்து ஒட்டி, அவர் கையில் கொடுத்தேன்.